பனிக்கு முன்னே போர்வை



ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறக்கும்போது, நகரத்தில் வாழும் நமக்குக் குளிர் ஒரு சிறிய ஆறுதலாகவே வருகிறது. மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கிறோம். அதிகாலை ஜெபத்திற்கு எழும்போது ஒரு சால்வையைத் தோளில் போட்டுக்கொள்கிறோம். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது என்று பிள்ளைகள் மகிழுகிறார்கள். சென்னையிலும் மும்பையிலும் குளிர்காலம் வந்து போவதை அநேகர் உணருவதுகூட இல்லை. ஆயினும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற குடும்பங்களில் பலருக்கு மலையிலும் ஒரு வீடு உண்டு. தகப்பனும் தாயும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த வீட்டின் குளிரைக் குறித்து இம்மாதம் எழுத வேண்டும் என்று என் உள்ளம் ஏவப்பட்டது.

பூவைக் காணச் சென்றவர்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை தாலுகாவில் உள்ள மலையூர் சாந்தன்பாறை. 2022 அக்டோபரில் அதன் அருகே கள்ளிப்பாறை மலைச்சரிவு முழுவதும் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அந்தப் பூவைக் காண ஆயிரக்கணக்கானோர் ஏறி வந்தார்கள். சிறிய சாலைகள் வாகனங்களால் நிறைந்தன. பூ உதிர்ந்தது, வந்தவர்கள் இறங்கிப் போனார்கள். அதற்குப் பின் வந்த மார்கழியையும் தையையும் காண யாரும் ஏறிப் போகவில்லை. அந்தக் குளிரை அந்த மலையின் மக்களே தனியாகச் சுமந்தார்கள்.

அவர்கள் யார்? பெரும்பாலும் நம்முடைய ஜனங்களே. மதுரை, தேனி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் சந்ததியார் அங்கே ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைக்கிறார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் வேலைக்குச் சென்று, பொழுது சாய இறங்குகிறவர்களும் அநேகர். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் குடியேறிவிட்டார்கள். இதை வாசிக்கிற உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகள்.

தெளிந்த வானத்தின் குளிர்

நம்முடைய முன்னோர் மலையின் குளிரை நன்றாய் அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், நள்ளிரவாகிய யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுத்து வைத்தது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனி என்பது மார்கழியும் தையும். மலையை நினைத்த மாத்திரத்தில் குளிர் மாதமும் நடு இரவும் அவர்கள் நினைவுக்கு வந்தன.

ஆண்டின் மிக நீண்ட இரவு டிசம்பர் 21 அல்லது 22 அன்று வருகிறது. ஆனாலும் மலையின் கடுங்குளிர் அன்றோடு முடிகிறதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் வானம் மேகத்தால் மூடியிருக்கும். பகலில் பூமி பெற்ற வெப்பம் இரவில் மேலே எழும்பும்போது, மேகங்கள் அதில் ஒரு பகுதியைத் தடுத்துப் பூமிக்கே திருப்பி அனுப்புகின்றன. மேகம் மலைக்கு ஒரு கம்பளி. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் மழை ஓய்கிறது, மேகம் விலகுகிறது, காற்று அடங்குகிறது, நட்சத்திரங்கள் கைக்கு எட்டுவதுபோல் பிரகாசிக்கின்றன. பார்ப்பதற்கு மிக அழகான அந்த இரவே மிகக் கொடிய குளிரின் இரவு. போர்வை இழந்த பூமி தன் வெப்பத்தையெல்லாம் வானத்திற்குக் கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகையால் அது தண்ணீரைப்போல் சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்குகளில் தேங்குகிறது. மேட்டில் இருப்பவனைவிடப் பள்ளத்தில் இருப்பவனுக்கே சில இரவுகளில் குளிர் அதிகம்.

2019 ஜனவரி முதல் வாரத்தில் மூணாறைச் சுற்றிய தோட்டங்களில் வெப்பநிலை சுழியத்திற்கும் கீழே சென்றது. விடியற்காலையில் புல்வெளிகள் உப்பு தூவியதுபோல் வெண்மையாய்க் கிடந்தன. சுற்றுலா வந்தவர்கள் மகிழ்ச்சியோடு படம் எடுத்தார்கள். தேயிலைத் தொழிலாளிக்கோ அது துக்கமான காட்சி. உறைபனி பிடித்த கொழுந்தின்மேல் வெயில் பட்டவுடன் இலை நெருப்பில் வாட்டியதுபோல் கருகிவிடுகிறது. கொழுந்து கருகினால் மீண்டும் துளிர்க்கும் வரையில் பறிக்க இலை இல்லை. பறிக்க இலை இல்லாவிட்டால் வேலை நாட்களும் குறைந்துபோகும்.

சாந்தன்பாறையின் ஏலக்காடுகளில் அவ்வளவு உறைபனி பொதுவாக விழுகிறதில்லை. மூணாற்றின் உயரமான தோட்டங்களைவிட அது தாழ்ந்த இடம் என்பது ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. தேயிலை திறந்த வெளியில் நிற்கிறது. ஏலமோ பெரிய மரங்களின் நிழலில் வளருகிறது. பூமியின் வெப்பம் வானத்திற்குத் தப்பிப்போகாதபடி அந்த மரங்களின் கிளைகள் மேலே கூரைபோல் நின்று காக்கின்றன. நீலகிரியில் உதகை தாவரவியல் பூங்காவின் பணியாளர்களும் இதை அறிந்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் அவர்கள் மலர்ச்செடிகளை மிலார் என்னும் செடியின் கிளைகளால் மூடி வைக்கிறார்கள். பனி விழுந்த பின் மூடுவதில் பயனில்லை என்பதால், போர்வையை முன்னதாகவே போட்டுவிடுகிறார்கள். இந்தச் சிறிய காரியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட கம்பளி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், மூன்று நாள் உபவாசக் கூட்டங்களுக்காகச் சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். விசுவாசியான ஒரு வயதான தம்பதியினர் தங்கள் லயத்து வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். முன்னே ஓர் அறை, பின்னே ஓர் அடுக்களை, அவ்வளவுதான் வீடு. அன்று மாலை நான் பிரசங்கித்தது அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரம். கப்பற்சேதத்தில் தப்பி, நனைந்து நடுங்கியவர்களாய்க் கரையேறிய பவுலையும் மற்றவர்களையும் மெலித்தா தீவின் மக்கள் அன்போடு நெருப்பு மூட்டி ஏற்றுக்கொண்டதைக் குறித்து ஒரு மணி நேரம் பேசினேன். ஜனங்கள் கண்ணீரோடு கேட்டார்கள்.

இரவில் அந்தத் தாயார் எனக்கு இரண்டு கறுப்புக் கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கட்டிலும் எனக்கே. நான் நன்றாய் உறங்கினேன். இரவு மூன்று மணியளவில் இருமல் சத்தம் கேட்டு எழுந்து அடுக்களைப் பக்கம் பார்த்தேன். அடுப்பின் அருகே அந்தப் பெரியவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி ஒரு பழைய சேலையை இரண்டாய் மடித்துப் போர்த்தி, கால்களை முடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நீங்கள் ஏன் படுக்கவில்லை?" என்று கேட்டேன்.

"தூக்கம் வரலீங்கய்யா. அடுப்பு கதகதப்பா இருக்கு. நீங்க படுங்க. காலையில பிரசங்கம் இருக்கில்ல" என்றார்கள்.

அந்த வீட்டில் இருந்ததே அந்த இரண்டு கம்பளிகள்தான் என்று அப்பொழுது எனக்குப் புரிந்தது. ஒன்றையாவது எடுத்துக்கொள்ளும்படி எவ்வளவோ மன்றாடினேன். அவர்கள் ஊழியக்காரனுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். விடியும் வரை நானும் அடுப்பின் அருகே உட்கார்ந்தேன். மெலித்தாவின் நெருப்பைப் பற்றிப் பிரசங்கித்தவன் நான். அதை மூட்டியவர்கள் அவர்கள்.

யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் உண்டு. பிறனுடைய வஸ்திரத்தை அடகாக வாங்கினவன், பொழுது போகுமுன்னே அதைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். ஏனெனில் ஏழைக்குப் போர்வை அது ஒன்றுதான். அதுவும் இல்லாவிட்டால் அவன் எதை மூடிப் படுப்பான் என்று தேவனே அந்த இடத்தில் கேட்கிறார். வேதாகமக் கல்லூரியில் இந்தப் பகுதியை நான் தேர்வுக்காகப் படித்தேன். அதன் பொருளை ஒரு லயத்து அடுக்களையில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போஸ்தலனின் அவசரம்

ஊருக்குத் திரும்புகையில் அந்தத் தாயாரிடம், "அம்மா, அடுத்த குளிருக்கு முன் உங்களுக்கு நல்ல கம்பளிகள் கொண்டுவருவேன்" என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையாகவே கொடுக்க நினைத்தேன். புரட்டாசியில் கன்வென்ஷன் வேலைகள் வந்தன. ஐப்பசியில் மழையும் மண்சரிவும் என்று பயணத்தைத் தள்ளினேன். பின்பு கிறிஸ்துமஸ் ஆராதனைகள், அதன்பின் புத்தாண்டு ஆராதனை, அதன்பின் வருடாந்தரக் கணக்கு. கம்பளிகளை வாங்கி என் அலமாரியில் வைத்திருந்தேன். அவை அங்கேயே இருந்தன.

பங்குனியில் மலையேறினேன். பகலில் வெயில் சுட்டது. அந்தத் தாயார் கம்பளிகளைக் கைகளில் வாங்கித் தடவிப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குங்கய்யா. குளிர் போயிருச்சு. வர்ற வருஷத்துக்குப் பத்திரமா வச்சுக்கிறேன்" என்றார்கள். அந்த வார்த்தையில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. பிறகுதான் விசாரித்து அறிந்தேன். தை மாதத்தில் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாக் காய்ச்சலாகி, தேனிக்குக் கொண்டுபோய்ப் பதினோரு நாட்கள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். தேவகிருபையால் பிழைத்தார், ஆனாலும் முன்போல் வேலைக்குப் போக அவரால் முடியவில்லை. திருப்பூரில் இருந்த மகன் விடுப்புக் கேட்டு ஓடி வந்தபோது புதிய ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். அதுவும் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. மகனும் போதகனுமாகிய நாங்கள் இருவருமே அன்புள்ளவர்கள்தான், இருவருமே பிந்தினவர்கள்.

அன்று இரவு 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தை வாசித்தேன். சிறையில் இருக்கும் முதிர்ந்த அப்போஸ்தலன், துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவிட்டு வந்த தன் மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரும்படி எழுதுகிறார். சில வசனங்களுக்குப் பின், மாரிகாலம் தொடங்குமுன் வந்துவிடும்படி தீமோத்தேயுவைத் துரிதப்படுத்துகிறார். அந்தத் துரிதத்திற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் முற்பகுதி வரைக்கும் மத்தியதரைக் கடலில் பெரும்பாலும் கப்பல்கள் ஓடமாட்டா. இலையுதிர் காலத்தின் கடைசிக் கப்பலைத் தவறவிட்டால் தீமோத்தேயு வசந்தகாலம் வரை காத்திருக்க வேண்டியதாகும். பவுலுக்கோ தன் தேகம் பிரியும் காலம் நெருங்கியிருந்தது. சபைகளை ஸ்தாபித்தவர், நிருபங்களை எழுதியவர், குளிருக்கு ஓர் அங்கி கேட்பதை வெட்கமாக எண்ணவில்லை. நம் பெற்றோரோ கேட்கவும் மாட்டார்கள். "நாங்க நல்லாருக்கோம், நீ உடம்பைப் பாத்துக்கோ" என்றே தொலைபேசியில் சொல்வார்கள்.

நெருப்பைக் குறித்த ஓர் எச்சரிக்கை

குளிரில் செய்யும் ஒரு தவற்றை இங்கே கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்திற்குச் சுற்றுலா சென்ற எட்டுப் பேர், அவர்களில் நான்கு குழந்தைகள், தாமன் என்னும் மலையூரில் ஒரே அறையில் மூர்ச்சையாய்க் கிடந்தார்கள். எட்டுப் பேரும் மரித்தார்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் எரிவாயுச் சூடேற்றியை வைத்து உறங்கியிருந்தார்கள்.

நம் மலை வீடுகளிலும் அதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. இரவில் அடுப்புக் கங்கைச் சட்டியில் அள்ளி, படுக்கும் அறையில் வைத்து, கதவையும் ஜன்னலையும் இறுக மூடிக்கொள்ளும் வழக்கம் உண்டு. கங்கு புகையாவிட்டாலும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பலத்தோடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளுகிறது. தலைவலியும் மயக்கமும் வரும்; உறங்குகிறவர் அதை உணராமலே போய்விடுவார். ஆகையால் கங்குச் சட்டியைப் படுக்கை அறையில் வைக்கவே கூடாது. அடுப்பின் அருகே உட்கார்ந்தாலும் காற்று வந்து போக வழி திறந்திருக்க வேண்டும். உறங்குமுன் நெருப்பை முற்றிலும் அணைத்துவிட வேண்டும். சரீரத்தைக் காக்கப் போர்வையே நல்லது.

குளிருக்கு மது நல்லது என்று தோட்டங்களில் சொல்லும் பேச்சும் பொய்யே. மது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் முதலில் சூடுபோல் தோன்றும். உண்மையில் சரீரம் தன் உள் வெப்பத்தை வேகமாய் இழந்துகொண்டிருக்கும்.

மார்கழிக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதிருங்கள். கைப்பேசியில் ஒரு நொடியில் பணம் போய்விடும்; அந்தப் பணத்தைப் பெற்றோர் பேரப்பிள்ளைகளுக்கென்று சேர்த்து வைப்பார்களேயன்றித் தங்களுக்கென்று கம்பளி வாங்கமாட்டார்கள். பொருளையே வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு கனமான கம்பளி, காதை மூடும் குல்லா, காலுறை, தரையின் குளிர் ஏறாதபடி ஒரு நல்ல விரிப்பு. கார்த்திகைக்குள் அவை வீடு சேரட்டும். பெட்டியைத் திறந்து, மடிப்பைக் கலைத்து, உங்கள் கையாலே அவர்கள்மேல் போர்த்திவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஓட்டின் இடைவெளி, உடைந்த ஜன்னல், கதவின் அடிச்சந்து ஆகியவற்றின் வழியாகவே இரவுக் காற்று படுக்கைக்கு நேரே வருகிறது. ஒரு நாள் கூலியில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.

மூன்றாவது, முதியோரின் அடையாளங்களைக் கவனியுங்கள். குளிர் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். அதிகக் குளிரில் ஒருவர் பேச்சுக் குழறினாலோ, புத்தி தடுமாறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் நின்று சோர்ந்து உறங்கினாலோ, அதை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடக் கூடாது. ஈர உடையை மாற்றி, போர்த்தி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நான்காவது, சபைகளுக்கு ஒரு வார்த்தை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து நள்ளிரவுக்குப் பின் முதியோரும் கைக்குழந்தைக்காரரும் பனியில் வீட்டிற்கு நடக்கிறார்கள். பன்னியாறு, சின்னக்கானல் பகுதிகளில் மூடுபனிக்குள் யானை நிற்பது பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. 2023 ஜனவரியில் சாந்தன்பாறைப் பன்னியாறு தோட்டப் பகுதியில், யானைகளின் நடமாட்டத்தை அறிந்து ஜனங்களை எச்சரித்துவந்த வனத்துறைக் காவலர் ஒருவரே யானையால் உயிரிழந்தார். அனுபவமுள்ளவருக்கே அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மலைச் சபைகளின் போதகர்களே, முதியோர் ஆராதனைக்குப் பின் சபைக் கட்டிடத்திலேயே விடியும் வரை தங்கிப் போகட்டும். ஒரு கட்டுப் பாயும் பத்துக் கம்பளியும் சபையின் சொத்தாக இருப்பது ஒலிபெருக்கியைக் காட்டிலும் அவசியமானது.

முடிவாக

அந்தத் தம்பதியின் வீட்டிற்கு அடுத்த கார்த்திகையில் மறுபடியும் சென்றேன். இம்முறை திருப்பூர் மகனும் என்னோடு வந்தான். பெட்டியிலிருந்த ஸ்வெட்டரை எடுத்து அவனே தகப்பனுக்கு மாட்டிவிட்டான். பெரியவர், "இப்ப என்னப்பா குளிரு? இன்னும் மார்கழி வரலியே" என்றார். "வரட்டும் அப்பா. அதுக்குள்ள பழகிக்கோங்க" என்றான் அவன். இரவில் அந்தத் தாயார் வழக்கம்போல் இரண்டு கம்பளிகளை எனக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே வேறு நான்கு இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டே வாங்கிக்கொண்டேன்.

பிரியமானவர்களே, இந்தத் தாள் உங்கள் கையில் வரும்போது உங்கள் மலையில் இன்னும் மேகம் இருக்கலாம். இன்னும் சில வாரங்களில் வானம் தெளிந்துவிடும். இந்த வாரமே ஊருக்குத் தொலைபேசியில் பேசி, "அம்மா, வீட்டில் கம்பளி எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். "இருக்கிறது" என்ற பதிலோடு நின்றுவிடாமல், எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள். மலையில் உங்களுக்கென்று ஒருவரும் இல்லாவிட்டால், உங்கள் நகரத்தின் மேம்பாலத்தின் அடியிலும் இரயில் நிலையத்தின் வாசலிலும் படுத்திருக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏழையின் போர்வையைக் குறித்து விசாரிக்கிற நம்முடைய தேவன், உங்கள் வீடுகளையும் உங்கள் பெற்றோரின் வீடுகளையும் இந்தப் பனிக்காலம் முழுவதும் தம்முடைய செட்டைகளின் கீழ் மூடிக் காப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்.